பாப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுத்தாச்சா? வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் ஓராண்டு ஏன் முக்கியம்?

துபாயிலோ ஷார்ஜாவிலோ குழந்தை பிறந்த செய்தி ஊருக்கு வந்ததும், வீடியோ காலில் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, ‘புள்ள யார் சாயல்?’ அடுத்த கேள்வி, ‘எப்போ கூட்டிட்டு வர்றீங்க?’

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, பிறந்து சில நாள்களே ஆன அந்தக் குழந்தைக்கு பாஸ்போர்ட் வேண்டும். அதற்கும் முன்னால், குழந்தையின் பிறப்பு இந்தியத் தூதரகத்தில் பதிவாக வேண்டும். பலரும் பாஸ்போர்ட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால், குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அந்தப் பிறப்புப் பதிவுதான்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவது நம் ஊர் வழக்கம். அப்படி இங்கே வந்து பெற்றுக்கொண்டால் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும். பக்கத்து பாஸ்போர்ட் சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடலாம். வேலை, விடுமுறை, மருத்துவக் காப்பீடு என ஏதோ ஒரு காரணத்தால் அங்கேயே பிரசவம் என்று முடிவானால், கதை வேறு.

அங்கே பிறந்தால் அந்த நாட்டுக் குழந்தையா?

ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்த காரணத்துக்காக மட்டும் ஒரு குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடாது. சிங்கப்பூரிலும் அப்படித்தான். பெற்றோர் இருவரும் இந்தியர்கள் என்றால், குழந்தைக்கு இருக்கும் ஒரே வழி இந்தியக் குடியுரிமைதான். அதுவும் தானாக வந்துவிடாது.

1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 4 இதைப் பற்றிப் பேசுகிறது. 1992 டிசம்பர் 10-க்கு முன்பு, வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா வழியாக மட்டுமே இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அதன் பிறகு அம்மா அல்லது அப்பா, யாராவது ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும் என்று சட்டம் மாறியது. 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. அன்று முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால், பெற்றோர் இருவரும் இந்தியர்களாகவே இருந்தாலும், குழந்தை இந்தியக் குடிமகன் ஆகாது.

குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுப்பதும் இந்தப் பதிவின் ஒரு பகுதி.

120 நாள்... 365 நாள்!

அமீரகத்தில் இருக்கும் பெற்றோருக்கு இரண்டு கெடுக்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று இந்தியச் சட்டத்தின் ஓராண்டு. இன்னொன்று அமீரகத்தின் 120 நாள். குழந்தை பிறந்த 120 நாள்களுக்குள் அதற்கு ரெசிடென்ஸ் விசா எடுத்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். அதைத் தீர்க்காமல் குழந்தையோடு நாட்டைவிட்டுக் கிளம்பவும் முடியாது.

விசா அடிக்க பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குப் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் பொதுவாகக் கேட்கப்படும். அதுவும் மாநில அரசு, மத்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கிய சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ல் வந்த சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம்தான் என்றாலும், ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். மனைவி கர்ப்பம் என்று தெரிந்த மாதமே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பிரசவத்துக்குப் பிறகு ஊரில் இருக்கும் மாமனாரை ஒவ்வொரு அலுவலகமாக அலையவிட வேண்டியிருக்காது.

பெயர் வைப்பதற்குள் பெயர் கேட்பார்கள்

தமிழ்நாட்டில் குழந்தையின் பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, ஜாதகம் பார்த்து, நட்சத்திரத்துக்கு எழுத்து பார்த்து, நிதானமாகப் பெயரைச் சேர்க்க முடியும். வெளிநாட்டில் அந்த நிதானம் கிடைக்காது. சான்றிதழ் வேலை உடனே தொடங்கிவிடும். வீட்டில் மூன்று பெயர்கள் பேச்சில் இருக்கும்போதே, ஒன்றை விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். அப்படி எழுதும் பெயர்தான் பிறகு பாஸ்போர்ட், விசா, பள்ளிக்கூடம், பட்டப்படிப்பு வரை கூடவே வரும்.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தலைவலி, இனிஷியல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். உதாரணத்துக்கு, ரா.செந்தில்குமார் என்பவரின் பாஸ்போர்ட்டில் பெயர் செந்தில்குமார், குடும்பப் பெயர் ராமசாமி என்று இருக்கும். விமான நிலையத்தில் ‘மிஸ்டர் ராமசாமி’ என்று அவருடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மகள் இலக்கியாவுக்குக் குடும்பப் பெயர் செந்தில்குமார். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். ஆக, ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள்! நமக்கு இது சாதாரணம். கவுன்டரில் இருப்பவருக்குப் புரியவைக்க, பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட்டிலும் கணவன் அல்லது மனைவி பெயர் சேர்க்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால், அங்கேயும் திருமணச் சான்றிதழ்தான் பேச வேண்டும்.

சரி, குடும்பப் பெயர் கட்டத்தையே காலியாக விட்டுவிடலாமா? 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகம் அறிவித்தபோது பலர் பதறிப்போனார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும், அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டால் இப்படிப்பட்ட சிக்கலே வராது.

அடுத்தது ஸ்பெல்லிங். யாழினி, கயல்விழி என்று ஆசையாகப் பெயர் வைப்போம். ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’ போடுவதா, ‘எல்’ போடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். அமீரகத்தின் பிறப்புச் சான்றிதழில் அரபியும் ஆங்கிலமும் உண்டு. அரபியில் ‘ப’ என்ற வல்லின ஓசைக்கு எழுத்தே கிடையாது. அதனால் பெயர் அங்கும் இங்கும் மாறும்போது ஆங்கில எழுத்து பிசகிவிடக்கூடும். சான்றிதழ் கைக்கு வந்ததும் குழந்தை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கவுன்டரைவிட்டு நகர வேண்டும். அங்கேயே திருத்துவது சுலபம். தூதரகம் வரை போய்த் திரும்பி வந்து திருத்துவது அலைச்சல்.

தூதரகத்தில் என்ன நடக்கும்?

துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம். அபுதாபி, அல் ஐன் பகுதிக்கு அபுதாபியில் உள்ள இந்தியத் தூதரகம். ஆன்லைனில் படிவத்தை நிரப்பி, பிரின்ட் எடுத்து, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, தூதரகத்துக்காக விண்ணப்பங்களைப் பெறும் சேவை மையத்தில் கொடுக்க வேண்டும். மையத்தின் வேலை வாங்கி அனுப்புவது மட்டுமே. முடிவெடுப்பது தூதரகம். பிறப்புப் பதிவையும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பாஸ்போர்ட், விசா, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமான ‘அனெக்சர் டி’ ஆகியவை முக்கியமானவை.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றி, செய்யும்போது வியர்க்க வைப்பவை இரண்டு. முதலாவது போட்டோ. வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும், தூக்கிப் பிடிக்கும் அம்மாவின் கை தெரியக் கூடாது. கழுத்தே நிற்காத குழந்தையை எப்படி நேராகப் பார்க்க வைப்பது? கட்டிலில் சுருக்கமில்லாமல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, குழந்தையைப் படுக்கவைத்து, மேலிருந்து எடுப்பதுதான் எளிய வழி. நெற்றியிலும் கன்னத்திலும் வைத்த திருஷ்டிப் பொட்டை அன்று ஒருநாள் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது கைரேகை. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை. ஆண் குழந்தைக்கு இடது கை, பெண் குழந்தைக்கு வலது கை. மூடிய கையைத் திறக்கவே விடாத வயது அது. பால் குடித்துவிட்டுத் தூங்கும் நேரம் பார்த்து வைத்தால் கட்டத்துக்குள் ரேகை விழும்.

ஒருவர் மட்டும்தான் என்றால்?

கணவன், மனைவி பிரிந்து வாழும் சூழலிலோ, ஒருவர் சம்மதிக்க மறுக்கும்போதோ, குழந்தையை வளர்ப்பவர் தனியாக விண்ணப்பிக்க ‘அனெக்சர் சி’ இருக்கிறது. ஏன் இன்னொருவரின் சம்மதம் இல்லை என்பதை அதில் விளக்கி உறுதிமொழி தர வேண்டும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியபோது, படிவத்தில் அம்மா அல்லது அப்பா, ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்று மாற்றியது. தனியாகக் குழந்தையை வளர்க்கும் அம்மாக்கள் ‘நமக்குக் கிடைக்காது’ என்று பயந்து ஒதுங்கத் தேவையில்லை.

ஊரில் திடீர் அவசரம்... குழந்தைக்கு பாஸ்போர்ட் இல்லை!

தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, இன்றே கிளம்ப வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் தூதரகம் ‘எமர்ஜென்சி சர்டிஃபிகேட்’ தர முடியும். ஆனால், அது இந்தியாவுக்கு வர மட்டும், ஒரு முறை மட்டும் செல்லும். குழந்தையைத் திரும்ப அழைத்துப்போக இங்கே புதிதாக பாஸ்போர்ட் எடுத்து, புதிதாக விசாவும் வாங்க வேண்டும். அப்பா லீவு முடிந்து கிளம்ப, அம்மாவும் குழந்தையும் இங்கேயே காத்திருக்கும் நிலை வரலாம். அதனால் இது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

ஓராண்டைத் தாண்டிவிட்டால்?

வேலை போயிருக்கும். விசா காலாவதி ஆகியிருக்கும். அபராதத்துக்குப் பயந்து எந்த அலுவலகத்துக்கும் போகாமல் இருந்திருப்பார்கள். இப்படிப்பட்ட வீடுகளில்தான் குழந்தை எந்த ஆவணமும் இல்லாமல் வளர்கிறது. பாஸ்போர்ட் இல்லாததால் விசா இல்லை. விசா இல்லாததால் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் மருத்துவக் காப்பீடு எடுப்பதும் பெரும்பாடு. ஊருக்கும் வர முடியாது.

2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, ஆவணங்கள் இல்லாமல் அங்கே பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று சொல்லப்பட்டது. இப்படியான வாய்ப்பு எப்போதும் வரும் என்று காத்திருக்க முடியாது.

தாமதமாகிவிட்டாலும் கதவு அடைபடுவதில்லை. தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி கோரலாம். காலம் பிடிக்கும், அலைச்சலும் உண்டு. ஆனால், ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போடுவது சிக்கலைக் கூட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், துபாய் துணைத் தூதரகத்தின் கீழ் இயங்கும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா உதவி மையத்தை அணுகலாம். ஊரில் இருக்கும் உறவினர்கள், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடம் முறையிடலாம்.

இன்னும் சில சந்தேகங்கள்

பாஸ்போர்ட் எத்தனை ஆண்டு செல்லும்? சிறுவர்களுக்கு ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்ற நினைப்பிலேயே இருந்து, விடுமுறைக்கு டிக்கெட் போடும்போதுதான் குழந்தையின் தேதியைப் பார்த்துத் திடுக்கிடுபவர்கள் உண்டு. பல நாடுகள் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும் என்பதால், நாலரை ஆண்டு முடியும்போதே புதுப்பித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு? அங்கே பிறந்தாலே அந்த நாட்டுக் குடியுரிமை. எனவே பெரும்பாலான பெற்றோர் அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்து, இந்தியா வந்துபோக ஓ.சி.ஐ அட்டை வாங்குகிறார்கள். இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஓ.சி.ஐ அட்டை குடியுரிமை அல்ல. அதை வைத்து இந்தியாவில் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் தூதரகம் தந்த பிறப்புப் பதிவுச் சான்றிதழைத் தூக்கி எங்கோ போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் ஐந்து ஆண்டில் மாறிவிடும். உங்கள் குழந்தை எப்படி இந்தியக் குடிமகன் ஆனது என்பதற்கான ஆதாரம் அந்தச் சான்றிதழ்தான். லேமினேட் செய்யாமல், நகல் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை வீடியோ காலில் பாட்டி ‘எப்போ கூட்டிட்டு வர்றீங்க?’ என்று கேட்டால், டிக்கெட் தேதியையே சொல்லிவிடலாம்!