வெப்பம் தாங்கும் தானியமும் ஊவாவின் உணவும்

வட இந்தியாவின் வயலொன்றில் வீசும் அனற்காற்று பதுளைத் தோட்டத்து லயன் அறையின் அடுப்பங்கரையை எட்டும் என்று ஒரு காலத்தில் எவரேனும் கூறியிருந்தால் அது மிகைக்கூற்றாகவே கருதப்பட்டிருக்கும். 2022ஆம் ஆண்டு அதனை அனுபவமாகவே உணர்த்திச் சென்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்தின் சராசரிப் பகல் வெப்பநிலை, 122 ஆண்டுகாலப் பதிவுகளிலேயே மிக உயர்ந்தது என இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. மணி முற்றும் பருவத்தில் நின்ற கோதுமை முதிர்ச்சி பெறாமலேயே காய்ந்தது. 111 மில்லியன் தொன் விளையும் என எதிர்பார்த்திருந்த இந்திய அரசு தனது மதிப்பீட்டைக் குறைத்ததுடன், மே 13ஆம் திகதி கோதுமை ஏற்றுமதியையும் தடை செய்தது.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. நாம் உண்ணும் மா முழுவதும் இறக்குமதித் தானியத்திலிருந்தே கிடைக்கின்றது. உக்ரேன் யுத்தம், டொலர் தட்டுப்பாடு, ரூபாவின் வீழ்ச்சி ஆகியவற்றால் ஏற்கனவே நெருக்கடி நிலவிய வேளையிலேயே இத்தடையும் வந்து சேர்ந்தது. காலையும் இரவும் ரொட்டியை நம்பி வாழும் பெருந்தோட்டக் குடும்பங்களும், நகரின் சிற்றுண்டிச் சாலைகளையும் வெதுப்பகங்களையும் நடத்தும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும் அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது.

இத்தகைய நிலையிலேயே, தானியப் பயிர்களின் வெப்பத் தாங்குதிறன் குறித்த ஆய்வு உலகெங்கும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. கலாநிதிப் பட்டம் பெற்ற இளம் விஞ்ஞானிகள், மூத்த ஆய்வாளர் ஒருவரின் கீழ் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் முழுநேரமாக ஆய்வு நடத்தும் பதவிகளே இத்துறையின் முதுகெலும்பாக விளங்குகின்றன. பேராசிரியருக்குக் கற்பித்தலும் நிர்வாகமும் உண்டு. பட்டப்பின் மாணவருக்குப் பரீட்சையும் ஆய்வேடும் உண்டு. நூற்றுக்கணக்கான பயிர் வகைகளை வெவ்வேறு திகதிகளில் விதைத்து, கதிர் கதிராகப் பிரித்து, நிறைமணி எத்தனை, பதர் எத்தனை என எண்ணி, அதனை மரபணுக் குறியீடுகளுடன் ஒப்பிடும் பொறுமை மிக்க பணி பெரும்பாலும் இவர்களையே சார்ந்துள்ளது.

வெப்பம் பயிரை எவ்வாறு தாக்குகின்றது என்பதை நெல்லைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம். குடலைப் பருவம் கடந்து கதிர் வெளிவந்த பின்னர், ஒவ்வொரு நெற்பூவும் முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அந்நேரத்தில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தாண்டுமாயின் மகரந்தப் பை சரிவர வெடிப்பதில்லை. மகரந்தம் சூலகமுடியைச் சென்றடைவதில்லை. பயிர் பசுமையாகவே நிற்கும். ஆனால், அறுவடையின் போது கதிரில் பதரே மிஞ்சும். உரமிட்டு, நீர் பாய்ச்சி, களை பிடுங்கிய விவசாயியின் மூன்று மாத உழைப்பைச் சில முற்பகல்களே தீர்மானித்து விடுகின்றன.

வெப்பமானியின் அளவு மட்டும் முழுக்கதையையும் கூறிவிடாது. நெற்கதிர் நீராவியை வெளியேற்றித் தன்னைத்தானே குளிர்வித்துக் கொள்கின்றது. காற்றில் ஈரப்பதன் மிகுந்திருந்தால் இக்குளிர்ச்சி தடைப்படும். இதனை இலங்கை ஆய்வாளரான டபிள்யூ.எம்.டபிள்யூ. வீரக்கோன், ஜப்பானிய ஆய்வாளர்களுடன் இணைந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அவுஸ்திரேலியாவின் வறண்ட ரிவரினா பிரதேசத்தில் 40 பாகையிலும் நெல் மணி பிடிப்பதற்கு இதுவே காரணம். ஆகவே, அங்கு தாக்குப்பிடிக்கும் பயிர் நமது புழுக்கத்திலும் தாக்குப்பிடிக்கும் எனக் கொள்வதற்கில்லை. நமது வயலுக்கான விடையை நமது வயலிலேயே தேட வேண்டியுள்ளது.

இரவு வெப்பமும் பொருட்படுத்தத்தக்கதே. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1979 முதல் 2003 வரை பதிவான வெப்பநிலைத் தரவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான கட்டுரை, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைவதாகக் கண்டது. பகலில் தயாரித்த உணவைப் பயிர் இரவின் சுவாசத்திலேயே அதிகமாகச் செலவிட்டுவிடுவது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்றாகும். சோளத்தின் துன்பம் வேறு விதமானது. கடும் வெப்பத்தில் மகரந்தம் உதிரும் நேரமும் பொத்தியின் பட்டிழை வெளிவரும் நேரமும் பொருந்தாமற் போக, பொத்தியில் மணிகளின்றி இடைவெளி விழுகின்றது. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் நாட்டின் முக்கிய சோளச் செய்கைப் பிரதேசங்கள் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. இந்தியாவின் பழைய நெல்லினமான நகினா 22 வெப்பத்தைத் தாங்கும் இயல்புடையது என அறியப்பட்டு, பல நாடுகளின் இனவிருத்தியில் பயன்படுத்தப்படுகின்றது. ஒரைசா ஒஃபிசினாலிஸ் எனும் காட்டு நெல்லிலிருந்து, வெயில் ஏறுமுன் அதிகாலையிலேயே பூக்கும் பண்பு பயிர் நெல்லுக்கு மாற்றப்பட்டுள்ளது. சிரியாவின் அலெப்போ அருகே இயங்கிய இக்கார்டா எனும் வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம், உள்நாட்டு யுத்தத்தால் இடம்பெயர்ந்தது. நோர்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தில் பாதுகாப்பாக வைத்திருந்த தனது விதைகளை 2015இல் மீளப்பெற்று, லெபனானிலும் மொரோக்கோவிலும் அவற்றைப் பெருக்கியது. செனகல் நதிப் பள்ளத்தாக்கின் கடும் வெப்பத்திலும் விளையும் கோதுமை இனங்களை உருவாக்கியவர்களும் அந்நிறுவனத்தின் விஞ்ஞானிகளே. யுத்தத்தின் நடுவிலும் விதையைக் காத்தவர்களின் உழைப்பு இன்று ஆபிரிக்க விவசாயிகளுக்குப் பயன் தருகின்றது.

நமது நாடும் இத்துறைக்குப் புதியதன்று. 1952இல் பத்தலகொடையில் ஆரம்பமான நெல் இனவிருத்தி நிலையமே, பி.ஜி. 300, பி.ஜி. 352 முதலான, நமது விவசாயிகள் நன்கறிந்த இனங்களைத் தந்தது. ஒரு புதிய நெல்லினம் ஒட்டுச்சேர்க்கையிலிருந்து விவசாயியின் கைக்கு வருவதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் செல்லலாம். ஆகவே, அடுத்த தசாப்தத்தின் வெப்பத்திற்கான விதை இன்றே பரிசோதனை வயலில் இருந்தாக வேண்டும்.

இப்பணிக்கு ஊவாவைப் போன்று பொருத்தமான களம் அரிது. தேயிலை மலைகளின் குளிரிலிருந்து மஹியங்கனையின் மகாவலிச் சமவெளி வரை, ஒரே மாவட்டத்தின் சில மணி நேரப் பயணத்திற்குள் பல வெப்பநிலை வலயங்கள் அமைந்துள்ளன. ஒரே விதையை வெவ்வேறு உயரங்களில் விதைத்தால் இன்றைய காலநிலையையும் நாளைய காலநிலையையும் அருகருகே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் உண்டு. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே உள்ளது. இவ்விரண்டையும் பத்தலகொடையுடன் இணைத்து, வெப்பத் தாங்குதிறன் ஆய்வுக்கெனச் சில கலாநிதிப் பின்னாய்வுப் பதவிகளையாவது உருவாக்குவது அரசின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று.

ஆய்வின் துணையின்றி எடுக்கப்படும் விவசாயத் தீர்மானத்தின் விலை என்ன என்பதை 2021ஆம் ஆண்டின் இரசாயன உர இறக்குமதித் தடை நமக்குக் கற்பித்துள்ளது. சில மாதங்களில் தடை கைவிடப்பட்ட போதிலும் நெல்லும் தேயிலையும் அடைந்த இழப்பு மீளவில்லை. அதனைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியில் கற்றவர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. அவர்களின் கல்விக்கு ஏற்ற பணியை இங்கு ஏற்படுத்துவதே முறையாகும்.

இதில் நமது சமூகங்களுக்கும் பொறுப்புண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு தோட்டப் பாடசாலைகளுக்கு எட்டாத ஒன்றாக இருப்பது நெடுநாள் குறையாகும். விஞ்ஞானம் படிக்கும் நமது பிள்ளைகளும் வைத்தியராவது அல்லது பொறியியலாளராவது என்ற இரு கனவுகளுக்குள்ளேயே அடைபட்டுள்ளனர். அம்பாறையின் தமிழ், முஸ்லிம் நெற்செய்கையாளரின் பிள்ளையும் பதுளைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் விவசாய விஞ்ஞானத்தைத் தெரிவு செய்யவும், அதில் ஆய்வாளராக உயரவும் வழிகாட்டப்பட வேண்டும். வயலின் வேதனையை வீட்டிலேயே கண்டவர்கள் அவர்கள். மாகாணக் கல்வித் திணைக்களமும் பல்கலைக்கழகமும் சமூக நிறுவனங்களும் இதற்கான புலமைப்பரிசில்களைத் திட்டமிடுமாயின், அதன் பயன் ஒரு தலைமுறைக்குள் நமது உணவிலேயே தெரியவரும்.