மல்லைக் கடற்கரையில் ஒரு பகல்

பல்லவர் வரலாற்றில் தெள்ளாறு ஒரு போர்க்களம். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே வென்ற மூன்றாம் நந்திவர்மனைக் கல்வெட்டுக்கள் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்றே போற்றுகின்றன. அந்த வாளோசை என்றோ அடங்கிவிட்டது. அப்பல்லவரின் துறைமுகமாகிய மாமல்லபுரத்திலோ உளியோசை இன்றும் ஓயவில்லை.

தெள்ளாற்றினின்று வடகிழக்கே சென்றால், காலையில் புறப்பட்டோர் உச்சிப்பொழுதிற்கு முன்பே மல்லையை அடையலாம். ஆனால் அங்குச் செல்வோரிற் பலர் ஓட்டமாக ஓடிப் பார்த்துத் திரும்புகின்றனர். அது பார்த்ததாகாது. அர்ச்சுனன் தவமென்றும் கங்கையின் இறக்கமென்றும் அறிஞர் வாதிடும் பெரும்பாறையின் முன் அமைதியாக நின்றாலன்றி, முன்கால்களைத் தூக்கிப் பொய்த்தவம் புரியும் பூனையும் அருகிலுள்ள எலிகளும் கண்ணிற் படா. தருமராச இரதத்தின் அடிப்பகுதி முற்றுப்பெறாதிருப்பதை உற்று நோக்கினால், பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்த முறை விளங்கும். மாலையில் கடற்கோயிலருகே அலையோசை கேட்டு அமர்வதும் ஓர் இன்பமே.

இச்சின்னங்களை 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச்செல்வமாக ஏற்றது. கல்லைக் காக்கச் சட்டம் உண்டு; சிற்பியின் கையைக் காப்பவர் யார்? 1957-இல் அரசு இங்குத் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்துள்ளது. 2017-இல் மாமல்லபுரக் கற்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் பட்டறை வாயிலில் நாம் பல நாளுழைப்பிற்குக் கத்தரிக்காய் விலை பேசுகிறோம். ஆரணித் தறிக்காரரின் அருமையறிந்த நம் வட்டாரத்தார்க்கு இது அழகன்று.

அன்று கலைக்குப் புரவலர் மன்னர். குடியாட்சியில் அக்கடமை நம்முடையதன்றோ?