கடன் கொப்பியும் கங்கைத் தண்ணீரும்

திருகோணமலை என்றதும் வெளியூர் வியாபாரிகளுக்குத் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கொட்டியாரக் குடாவின் இக்கரையில், மூதூரில் பசளைக் கடை நடத்தும் எனக்குக் கப்பல் சோறு போடுவதில்லை. மகாவலி கங்கைதான் போடுகிறது. "கப்பலைப் பார்த்துக் கடன் கொடுக்காதே, கங்கையைப் பார்த்துக் கொடு" என்பார் மர்ஹூம் வாப்பா.

மத்திய மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, நாட்டின் மிக நீளமான ஆறு. அது எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது. அதன் கிளையான வெருகல் ஆற்றுத் தண்ணீர் மாவிலாறு வழியாக எங்கள் பகுதி வயல்களுக்கு வருகிறது. கந்தளாய்க் குளத்துக்கும் மகாவலியின் துணையாறான அம்பன் கங்கை நீர் மின்னேரியா வழியாகக் கிடைக்கிறது.

பெரும்போகத்துக்கு மாரி மழை கைகொடுக்கும். சிறுபோகம் அப்படியல்ல. கச்சான் காற்றில் எங்கள் நிலம் வெடிக்கும் மாதங்களில் மலைநாட்டில் பெய்யும் மழைதான் இங்கே வேளாண்மையாகிறது.

எகிப்தின் கதையும் இதுதான். பாலைவன நாடான அங்கே மழை மிகக் குறைவு. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை நைல் நதியாக வந்து அந்த மக்களை வாழ வைக்கிறது. அதனால்தான் எத்தியோப்பியா 2025 செப்டெம்பரில் தன் பெரிய அணையைத் திறந்தபோது எகிப்து கலங்கியது. மேலே இருப்பவர் கையில் கதவு இருந்தால் கீழே இருப்பவருக்குத் தூக்கம் வராது.

அந்தத் தூக்கமின்மையை நாம் 2006இல் அனுபவித்தோம். அவ்வருடம் ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டது. சுமார் 15,000 குடும்பங்கள் தண்ணீரின்றித் தவித்தன. சிறுபோகப் பயிர் வயலில் நின்ற நேரம். விதைப்புக்கு நான் கொடுத்த பசளையெல்லாம் கடன் கொப்பியில் நின்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில் யுத்தம் ஊருக்குள் வந்தது. கடையைப் பூட்டிவிட்டுக் கந்தளாய்க்கு ஓடினோம். நான் எடுத்துச் சென்றது அந்தக் கொப்பியை மட்டும்தான்.

திரும்பி வந்தபோது வயலும் இல்லை, வசூலும் இல்லை. கொழும்பில் எனக்குச் சரக்குத் தந்த மொத்த வியாபாரி தவணை தந்தார். அதனால் நானும் விவசாயிகளை நெருக்கவில்லை. அடுத்தடுத்த போகங்களில் பெரும்பாலானோர் கொண்டுவந்து கட்டினார்கள். சிலருடைய பெயரை நானே வெட்டிவிட்டேன்.

அன்று முதல் ஒரு முறை வைத்திருக்கிறேன். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று முடிவான பிறகே கடன் கொப்பியைத் திறப்பேன். நல்ல போகத்து இலாபத்தில் ஒரு பங்கை அடுத்த போகத்துக்கென ஒதுக்குவேன். இது என் கண்டுபிடிப்பல்ல. ஏழு செழிப்பான வருடங்களின் தானியத்தைக் கதிரோடு சேமித்து, ஏழு பஞ்ச வருடங்களைக் கடக்க வழி சொன்ன யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியாததா?

வியாபார சகோதரர்களே, நம் கல்லாவில் விழும் காசு மலையிலிருந்து புறப்பட்ட தண்ணீர். இலாபத்தைக் கணக்கிடுமுன் வாய்க்காலை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.