பழகப் பழகக் கித்தார் இனிக்குமா?



ஆயர் தாவார் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் வளர்ந்த பலர் இன்று தாமான்களில் குடியிருக்கிறார்கள். வீடு மாறியபோது பழைய சாமான்களில் பாதியை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட ஒரு பொருளை மட்டும் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்திருப்பார்கள். அப்பாவோ சித்தப்பாவோ வாலிப வயதில் திருமண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் வாசித்த கித்தார் அது. கித்தா மரத்துக்கும் கித்தாருக்கும் உறவு பெயரில் மட்டும்தான் என்றாலும், இரண்டும் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கின்றன.

அண்மையில் ஒரு தகப்பனார் எங்களிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் மகனுக்குப் பதினான்கு வயது. கித்தார் வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாங்கப் போன இடத்தில், பழைய கித்தார் ஒன்றுக்குப் புதியதைப்போல் இரு மடங்கு விலை சொல்லியிருக்கிறார்கள். "இது பத்து வருஷம் வாசித்துப் பழுத்த கித்தார் அண்ணே. மரம் திறந்து விட்டது. புதுசுக்கு இந்த நாதம் வராது" என்றாராம் விற்பவர். மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல. விற்பவர் சொன்னது உண்மைதானா என்று இன்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கித்தாரில் கம்பி மட்டும் அதிர்ந்தால் ஒலி அறையின் மறுகோடிக்குக்கூடக் கேட்காது. கம்பியின் அதிர்வைக் குதிரை எனப்படும் தாங்குகட்டை மேற்பலகைக்குக் கொடுக்கிறது. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளி ஒலியைப் பெரிதாக்குகிறது. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து அந்த மெல்லிய பலகையை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. வளர்ந்த ஓர் ஆளின் பாரம் இரவும் பகலும் அதன்மேல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே புதிதாகச் செய்த கித்தார் முதல் சில வாரங்களில் சற்று மாறத்தான் செய்யும். பசையும் மெருகெண்ணெயும் முழுதாகக் காய்கின்றன, பலகை அந்த இழுவைக்குப் பழகுகிறது. இவ்வளவையும் எவரும் மறுப்பதில்லை. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் வாசிப்பதால் நாதம் வளருமா என்பதே கேள்வி.

இதைச் சோதிப்பது எளிதல்ல. பத்து ஆண்டுக்கு முன் கேட்ட ஒலியையும் இன்று கேட்கும் ஒலியையும் யாராலும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாது. முகங்களை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு நாதத்தின் நுட்பங்களை நம் மனம் வைத்திருப்பதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பத்து ஆண்டில் வாசிப்பவனின் விரலும் தேறியிருக்கும். கை இனித்ததா, மரம் இனித்ததா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

சிட்னி நகரில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். ஒரே மரத்துண்டுகளிலிருந்து, ஒரே கைவினைஞரைக் கொண்டு, ஒரே சமயத்தில் இரண்டு வயலின்களைச் செய்வித்தார்கள். ஒன்று அருங்காட்சியகத்தில் உறங்கியது. மற்றதைத் தொழில்முறைக் கலைஞர் ஒருவர் தொடர்ந்து வாசித்து வந்தார். மூன்றாண்டுகள் கழித்து, எது எதுவென்று சொல்லாமல் வாசிப்பவர்களிடமும் கேட்பவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. முடிவு 2005-இல் வெளியாயிற்று. கித்தாரை இயந்திரத்தால் நாள்கணக்கில் அதிர வைத்து 'பழக்கும்' முறையை ஆராய்ந்த வேறொரு கட்டுரை 2014-இல் வந்தது. அங்கும் வாசித்தவர்களால் பழக்கியதையும் பழக்காததையும் பிரித்தறிய முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஈரக்காற்றில் மரத்துண்டை நெடுநேரம் அதிர வைத்தால் அதன் விறைப்பு சற்றுக் கூடுகிறது, ஒலியை விழுங்கும் தன்மை சற்றுக் குறைகிறது என்று 1996-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை கூறியது. ஆகவே விற்பவர் சொன்னதை முழுப்பொய் என்று நாம் தள்ளவில்லை. கருவியால் அளக்கக்கூடிய சிறு மாற்றம் இருக்கலாம். அது காதுக்கு எட்டுகிறதா, இரு மடங்கு விலை பெறுமா என்பது வேறு கேள்வி.

பழமைக்கே மதிப்பு என்ற எண்ணத்தை உலுக்கிய சோதனை ஒன்று 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்தது. 21 வயலின் கலைஞர்களுக்குக் கருங்கண்ணாடி அணிவித்து, மங்கிய அறையில் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றும் ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி ஆகிய இத்தாலிய மேதைகள் செய்த விலை மதிப்பற்ற பழையவை. மிகுதியானவர்களுக்குப் பிடித்தது ஒரு புதிய வயலின். எல்லாவற்றிலும் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி! கண் கட்டப்பட்டதும் காது வேறு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"அப்படியானால் நம் பெரியவர்கள் பழைய மரத்தைத் தேடுவது ஏன்?" என்று நேயர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தஞ்சை மாவட்டத்தில் நரசிங்கன்பேட்டை என்ற ஊர் நாதசுரம் செய்வதில் பேர் பெற்றது. நாதசுரச் சக்கரவர்த்தி டி. என். இராஜரத்தினம் பிள்ளைக்குக் கருவி செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரி இவ்வூரைச் சேர்ந்தவர். 2022-இல் இவ்வூர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்குள்ள ஆசாரிமார் புதிதாக வெட்டிய ஆச்சா மரத்தை விரும்புவதில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறை நிழலில் காய்ந்த மரம் கடைந்த பின் வளையாது, வெடிக்காது. துளையின் அளவு மாறாததால் சுருதியும் மாறாது.

இங்கே கவனியுங்கள். அந்த உத்திரத்தை யாரும் ஒருநாளும் வாசிக்கவில்லை! மரம் காய்ந்த காலம் ஒன்று, கருவி வாசிக்கப்பட்ட காலம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் குழப்பமே பிறக்கிறது. மரத்தின் உள்ளே நாளடைவில் சில பொருள்கள் சிதைகின்றன. அதனால் அது ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது, இலேசாகவும் ஆகிறது. கித்தாரை ஆணியில் மாட்டியே வைத்திருந்தாலும் அந்த மாற்றம் நடக்கும்.

வாசிக்க வாசிக்கப் பதமாகும் பொருளும் அதே நாதசுரத்தில் உண்டு. அது வாயில் வைக்கும் சீவாளி. புதுச் சீவாளியைச் சில நாள் ஊதிப் பழக்கினால்தான் வழிக்கு வரும். ஆனால் அது நாணல். எச்சிலில் நனைந்து, உதட்டில் நசுங்கி மாறுகிறது. கித்தாரின் பலகைக்கு அந்தப் பாடு இல்லை.

இனி நம் வீட்டுக் கித்தாருக்கு வருவோம். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கித்தார் செய்யும் பட்டறைகளில் 45 முதல் 50 வரை வைத்துக்கொள்வார்கள். ஆகவே இங்கே வந்த கித்தார் ஈரம் குடித்து உப்புகிறது, ஒலி மந்தமாகிறது. துத்தநாகக் கூரையின் சூட்டிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் பசை இளகிக் குதிரை பெயர்ந்துவிடும். பழைய கித்தாரின் நாதம் 'கனிந்துவிட்டது' என்று சிலர் மெச்சுவது, உண்மையில் வியர்வையில் துருவேறி மங்கிய கம்பியாகவும் இருக்கலாம்! புதுக்கம்பி மாட்டியதும் அந்தக் கனிவு பறந்துவிடும்.

விலை குறைந்த கித்தார்களில் மேற்பலகை ஒரே மரமல்ல, ஒட்டுப்பலகை. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகைதான். வருடக்கணக்கில் வாசித்தாலும் அது ஒற்றைப் பலகையாகிவிடாது.

அந்தத் தகப்பனாரிடம் இதையெல்லாம் சொல்லி, ஒரு சோதனையும் செய்யச் சொன்னோம். பழையதற்கும் புதியதற்கும் ஒரேவிதப் புதுக்கம்பி மாட்டி, வாசிக்கத் தெரிந்த ஒருவரை வாசிக்க விட்டு, மகன் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டருகே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்குச் சுகம். நான்கைத் தாண்டினால் கழுத்து வளைந்திருக்கக்கூடும். படிக்கும் பையன் விரல் வலித்து ஒரே மாதத்தில் கித்தாரை மூலையில் போட்டுவிடுவான்.

போய்ப் பார்த்திருக்கிறார்கள். 'பழுத்த' கித்தாரில் கம்பி ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் நின்றதாம். புதியதை வாங்கிக்கொண்டு, மீந்த பணத்தில் உறையும் இரண்டு செட் கம்பியும் வாங்கி வந்தார்கள்.