மேசைமேல் ஒரு மாயச் சேனை

பாதம் முதல் தலை வரை அளந்தால் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். கட்டைவிரலின் முதற் கணு அளவே உயரம். ஆயினும் அவன் கையில் வாள் உண்டு. தோளில் கேடயம் உண்டு. கேடயத்தில் ஓர் இலச்சினை உண்டு. முகத்திலே கோபமோ சிரிப்போ தெளிவாகத் தெரியும். இவனைப் போன்ற நூறு பேர், இருநூறு பேர், அணி அணியாக ஒரு மேசைமேல் நிற்கின்றனர். மனிதர் மட்டுமல்லர், நீண்ட தாடியுடைய குறளர் உளர், 'கொப்ளின்' எனப்படும் பச்சை நிறக் குறும்பேய்களும், 'ஓர்க்' எனப்படும் முரட்டு அரக்கரும், எலும்புக்கூட்டுப் படையும், தீயுமிழும் பறவைநாகமும் அங்கே உள்ளன. மண்ணுலகில் எக்காலத்தும் நிகழாத ஒரு போரின் சேனை அது.

இத்தகைய சேனைகளைத் தேடிச் சேர்ப்பதும், தம் கையாலேயே வர்ணந் தீட்டுவதும் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வளர்ந்தோர் பலர் பேணிவரும் பொழுதுபோக்காகும். அவர்களுள்ளும், 1970களின் நடுப்பகுதி முதல் 1990 வரையிலான காலத்தில் வார்க்கப்பட்ட ஈய உருவங்களையே நாடுவோர் ஒரு தனிக் குழுவினர். புதியன கடைதோறும் கிடைக்கும்போது பழையனவற்றை இவர்கள் ஏன் நாடுகின்றனர்? நரை தோன்றிய பின்னும் விளையாட்டு வீரருக்கு வர்ணம் பூசுவதிலே என்ன பயன்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், இக்கலையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஈய வீரர்களின் பிறப்பிடங்களுள் முதன்மையானது ஜேர்மனியின் நியூரம்பேக் நகர். 18ஆம் நூற்றாண்டிலே அந்நகர்க் கைவினைஞர் வெள்ளீயத்தால் தட்டையான சிறு வீரர்களை வார்த்து விற்றனர். பின்னர், 1893ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே பொள்ளலான ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கைக்கொண்டது. உலோகம் குறைந்தது, விலையும் குறைந்தது, செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொம்மை நடுத்தரக் குடும்பங்களையும் எட்டியது. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 'லிற்றில் வோர்ஸ்' என்னும் சிறு நூலை வெளியிட்டு, அவ்வீரர்களைக் கொண்டு முறையாகப் போர் விளையாடுதற்கு விதிகள் வகுத்தார். சிறு பீரங்கியால் மரத்துண்டை எய்து எதிரியின் வீரரை வீழ்த்துவது அவ்விளையாட்டின் சிறப்பு. வெல்ஸ் போரை விரும்பியவர் அல்லர். மேசைமேல் நடக்கும் இச்சிறு போரைச் சிலமுறை ஆடிப் பார்ப்பவர், உண்மைப் போர் எத்துணைப் பெரிய மடமை என்பதை உணர்வர் என்பதே அவர் கருத்து. நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது.

அதுவரை ஈயச் சேனைகள் யாவும் வரலாற்றுச் சேனைகளே. நெப்போலியனின் படை, உரோமரின் படை, பிரித்தானியச் செஞ்சட்டைப் படை என்பனவே மேசைமேல் அணிவகுத்தன. கற்பனைச் சேனைகள் புகுந்ததற்குப் பெருங்காரணமாக அமைந்தவர், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டொல்கீன். 1937இலும், பின்னர் 1954, 1955ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்த அவருடைய நெடுங்கதைகள் குறளர், அரக்கர், வனதேவர் ஆகியோரின் பெரும் போர்களை விரித்துரைத்தன. அவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறை, அப்போர்களை மேசைமேலும் காண விரும்பியது. 1971இல் அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், ஜெப் பெரன் என்னும் இருவர் இடைக்காலப் போர் விளையாட்டுக்கு வகுத்த விதிநூலில் மந்திரவாதிகளுக்கும் பறவைநாகங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1974இல் கைகக்சும் டேவ் ஆனசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு அவ்வித்திலிருந்து முளைத்ததே. விளையாட்டு பரவியது, அதற்கேற்ற உருவங்கள் வேண்டியவாயின. 1975இல் ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் 'றால் பாதா' என்னும் நிறுவனம் தோன்றியது. அதே ஆண்டில் இலண்டனில் 'கேம்ஸ் வேர்க்‌ஷொப்' நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் அதன் துணையோடு நியூவாக் நகரிலே பிறையன் அன்செல் 'சிற்றடெல்' என்னும் வார்ப்புத் தொழிலகத்தைத் தொடங்கினார்.

உருவங்களை ஒன்றிரண்டாக வாங்கியோர் நூற்றுக்கணக்கில் வாங்குதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அக்காரணமாக 1983இல் 'வோர்ஹமர்' என்னும் போர் விளையாட்டு வெளிவந்தது. அன்செல், றிச்சட் ஹலிவெல், றிக் பிறீஸ்ற்லி ஆகிய மூவர் அதனை ஆக்கினர். வணிக நோக்கில் பிறந்த அவ்விளையாட்டு, ஒரு கைவினையின் பொற்காலத்தையும் உடன் கொணர்ந்தது என்பது வியப்புக்குரியது.

அக்கால உருவம் ஒன்று எவ்வாறு பிறந்தது? சிற்பி முதலில் மெல்லிய கம்பியை வளைத்து எலும்புக்கூடு போல ஒரு சட்டம் அமைப்பார். அதன்மேல், இரு பகுதிகளைப் பிசைந்து கலந்தபின் சில மணி நேரத்தில் இறுகும் ஒருவகைப் பசையை அப்பி, ஊசியும் சிறு கத்தியும் கொண்டு தசையையும் மடிப்பையும் முகத்தையும் செதுக்குவார். கணினி இல்லை, பெரிதாக வரைந்து சிறிதாக்கும் வசதி இல்லை, கண்ணும் கையுமே கருவி. முடிந்த மூலவுருவை வட்டமான இரு இறப்பர்த் தட்டுகளுக்கிடையே வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்தால், இறப்பர் இறுகி அவ்வுருவின் அச்சாகும். அவ்வச்சைச் சுழலவிட்டு நடுவே உருகிய உலோகத்தை ஊற்றினால், சுழற்சியின் விசை உலோகத்தை விளிம்புவரை தள்ளி, விரல் நுனி வரை நிரப்பும். நம் நாட்டு ஸ்தபதி பஞ்சலோகப் படிமம் வார்க்கும்போது மெழுகு உருகி ஓடிவிடும். மண் அச்சும் உடைக்கப்படும். ஒரு கருவிலிருந்து ஒரு படிமமே பிறக்கும். இறப்பர் அச்சோ பலமுறை பயன்படுவது. எனினும் அதற்கும் ஆயுள் உண்டு. வெப்பம் பட்டுப்பட்டு அச்சுத் தேய்ந்து கிழியும். மூலவுருவும் அச்சும் அழிந்தபின், முன்னரே வார்க்கப்பட்டவையன்றி வேறில்லை.

வார்ப்புக்குரிய உலோகம் காரீயமும் வெள்ளீயமும் சிறிது அந்திமனியும் கலந்தது. தனிக் காரீயம் 327 பாகை செல்சியசிலும், தனி வெள்ளீயம் 232 பாகையிலும் உருகும். இரண்டையும் தக்க அளவிற் கலந்தாலோ 183 பாகையிலேயே உருகிவிடும். தாழ்ந்த வெப்பத்தில் உருகி, நுண்ணிய இடுக்கிலும் பாய்வதாலேயே இக்கலவை விரும்பப்பட்டது. குறும்பேயின் பல்லும், கவசத்தின் ஆணியும் அதனாற்றான் துலங்கின.

பழைய உருவங்களின் சிறப்பு இங்கேதான் உள்ளது. அவற்றைச் செய்த சிற்பிகளின் கை அவற்றிலே தெரியும். மைக்கேல் பெரி, அலன் பெரி என்னும் இரட்டையர் வடித்த வீரரின் நிற்கும் நிலை வேறு. ஜெஸ் குட்வின் வடித்த வீரரின் நிமிர்வு வேறு. கெவின் அடம்ஸ் வடித்த குறும்பேயின் கோணற் சிரிப்பு வேறு. பழகிய கண்ணுடையோர் பெயர் கேளாமலே சிற்பியைச் சொல்லிவிடுவர். ஒரே அணியிலே நிற்கும் இருபது பேரும் இருபது முகத்தினராய் இருப்பர். ஒருவன் பயந்து நிற்பான். ஒருவன் மூக்கைத் துடைப்பான். பிற்காலத்தில் எஃகு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உருவங்கள் நுணுக்கத்தில் மிக்கன. ஆனால் அந்தக் குறும்பும் கைப்பிழையும் அவற்றில் அரிது என்பது பழமை விரும்புவோர் கருத்து.

இனி, வர்ணந் தீட்டும் முறையைக் காண்போம். முதலில் உருவைச் சவர்க்கார நீரிற் கழுவி, அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் எழுந்த விளிம்பை அரத்தால் நீக்குவர். பின்பு அடித்தீந்தை பூசுவர். வழுவழுப்பான உலோகத்திலே வர்ணம் பற்றுவதற்கு அதுவே உறுதுணை. அடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் உரிய நிறம் வரும். தீந்தையைக் குழைவாக வைத்து ஒரே பூச்சில் முடிக்க முயல்வது புதியவர் செய்யும் பிழை. நுண்ணிய செதுக்கல் யாவும் அதனடியிற் புதைந்துபோம். நீர் கலந்து மெல்லிதாக இருமுறை மும்முறை பூசுதலே நன்று.

இதன்பின் வருவதே கலையின் நுட்பம். ஆளுயர மனிதன் வெயிலில் நின்றால் அவன் மூக்கின் நிழல் கன்னத்தில் விழும். ஆடை மடிப்பினுள் இருள் தங்கும். விரலளவு உருவிலோ மடிப்பின் ஆழம் ஒரு மயிரிழையே. அங்கே தங்கும் நிழல் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் இயற்கை தராத நிழலைத் தூரிகையே தரவேண்டும். நீர்த்த கருநிறத்தைப் பூசினால் அது தானே ஓடிப் பள்ளங்களில் தங்கும், அது நிழல். அடிநிறத்தோடு சிறிது வெண்மை கலந்து, மேடான இடங்களில் மட்டும் தொட்டு வைத்தால், அது ஒளி. முற்றும் துடைத்த தூரிகையின் நுனியிலே எஞ்சிய வர்ணத்தை மயிரின்மேலும் சங்கிலிக் கவசத்தின்மேலும் இலேசாக உரசுவதும் ஒரு முறை. இறுதியாகக் கண்ணின் கருமணி: ஒரே ஒரு புள்ளி. அது பிசகினால் வீரன் மாறுகண்ணனாவான்.

ஓர் உருவுக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டாலும், நூறு பேர் கொண்ட சேனைக்கு இருநூறு மணி நேரம் வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் உழைப்பவர்க்கு ஆறு திங்களுக்கு மேற் செல்லும். தொடங்குவோர் பலர்; முடிப்போர் சிலர். ஆதலின் தேர்ந்தோர் ஐந்து ஐந்தாக எடுத்து, எல்லாச் சட்டைகளையும் ஒருங்கே முடித்து, பின் எல்லாக் கேடயங்களையும் தொடுவர். முகத்திற்கும் கொடிக்கும் மட்டும் தனி நேரம் ஒதுக்குவர். அடித்தட்டு அனைத்திற்கும் ஒரே நிறம் பூசுவர். தனித்தனியே நூறு முகமாயினும், சேர்ந்து நிற்கையில் ஒரு சேனையாகத் தோன்றுதற்கு அதுவே வழி.

சேகரிப்போருக்குச் சில சங்கடங்களும் உண்டு. பழைய உருவம் பெரும்பாலும் முன்னொருவர் பூசிய தீந்தையோடுதான் கைக்கு வரும். அதனைக் கரைத்து நீக்கிப் புதிதாகப் பூசுவதா, அன்றி அப்படியே வைப்பதா? தடித்த பூச்சின் கீழே சிற்பியின் வேலை மறைந்துகிடக்கிறது என்பர் ஒரு சாரார். அந்தத் தடித்த பூச்சு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் தன் விடுமுறையைச் செலவிட்டுப் பூசியது. அதுவும் வரலாறே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் நியாயமே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது: நீக்கிய வர்ணம் மீளாது, நீக்காத வர்ணத்தை நாளையும் நீக்கலாம்.

போலிகளும் உண்டு. பழைய உருவத்தையே மூலமாக வைத்துப் புது அச்செடுத்து வார்ப்போர், அதனைப் பழையதென விற்பதுண்டு. வார்ப்பு ஆறும்போது சிறிது சுருங்குமாதலின், போலி மூலத்தினும் ஓரிழை குள்ளமாயிருக்கும், முகம் மழுங்கியிருக்கும். அசலை அருகே வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

மற்றொரு பகை கண்ணுக்குத் தெரியாதது. கருவாலி மரத்தினாற் செய்த அழகிய அலுமாரியிலே ஈய உருவங்களைப் பூட்டிவைத்தால், அம்மரத்திலிருந்து கசியும் அசற்றிக்கமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். நூதனசாலைகள் நன்கறிந்த நோய் இது. கண்ணாடியும் உலோகமும் கொண்ட, காற்றோட்டமுள்ள பேழையே ஏற்றது. மதிப்பு மிக்க மரத்தில் வைத்ததாலேயே மதிப்பு மிக்க பொருள் அழிவது ஒரு விந்தை.

எல்லாவற்றினும் முக்கியமானது மனிதரின் நலம். காரீயம் நஞ்சு. குழந்தையின் உடலில் இவ்வளவு காரீயம் தீங்கற்றது என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மூளை வளர்ச்சியை அது தாக்கும். 1966இல் பிரிட்டன் நிறுவனம் ஈய வீரர்களை வார்ப்பதைக் கைவிட்டது. 1990களில் கற்பனைச் சேனை வார்ப்போரும் ஈயமற்ற கலவைக்கு மாறினர். ஆதலின் பழைய உருவங்களைக் கையாள்வோர் அரத்தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை மேசையில் உணவும் தேநீரும் கூடா. தூரிகை நுனியை நாவால் கூராக்கும் பழக்கம் அறவே ஆகாது. முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இவற்றை வைத்தல் பெருந்தவறு. பொம்மையைப் போலத் தோன்றினும் இவை பிள்ளைகளுக்குரிய பொம்மைகள் அல்ல.

2010களில் பழைய விதிகளையும் பழைய உருவங்களையும் கொண்டு ஆடுவோர் தமக்கெனத் தனி மரபொன்றை வளர்த்துக்கொண்டனர். 2015இல் நிறுவனமே அப்பழைய கற்பனையுலகைக் கைவிட்டுப் புதியதொன்றை நிறுவியபோதும் இவர்கள் தளரவில்லை. 2024இல் அதே உலகம் புதிய விதிநூலோடு மீண்டும் வெளிவந்தது. பிறையன் அன்செல் அதனைக் காணவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார். அவர் காலத்து ஈய வீரரோ இன்றும் புதிய தீந்தை பெற்று அணிவகுக்கின்றனர்.

போரை விளையாட்டாக்குதல் தகுமா என்னும் வினா வெல்சின் காலந்தொட்டு நிற்கிறது. சிறு போர் பெரும் போரைத் தடுக்கும் என்ற அவர் நம்பிக்கையை 1914 பொய்யாக்கியது. விளையாட்டால் போர் நின்றதுமில்லை, விளையாட்டால் மூண்டதுமில்லை. ஆயினும் ஒரு சிறு உண்மை எஞ்சுகிறது. ஒரு வீரனின் முகத்துக்கு ஒளியும் நிழலும் தந்து, கண்ணிற் புள்ளி வைத்து, இரண்டு மணி நேரம் செலவிட்டவர், அவன் மேசையிலிருந்து விழுந்து வாள் முறிந்தால் வருந்துகிறார். கையால் ஆக்கியதை அழிக்க மனம் கூசுகிறது. ஈயத்தில் ஆன விரலளவு உருவுக்கே இத்தனை பரிவு உண்டாகுமானால், உயிருள்ள மனிதனைப் படையெண்ணிக்கையில் ஓர் இலக்கமாகக் கருதுவது எத்துணைக் கொடுமை என்பதைத் தூரிகை பிடித்தவர் பிறரினும் தெளிவாக அறிதல் கூடும்.