வழுவும் வழுவமைதியும்: வீடியோ விளையாட்டிற் சில விந்தைகள்

வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றினையும் ஒருநாள் வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “சேர், கேமில வாற வழுவும் இந்த வழுவும் ஒண்டோ?” என வினவினான். வகுப்பு நகைத்தது, யாம் நகைக்கவில்லை. கணினிச் செய்நிரலிற் காணும் பிழையையும் இக்காலத்தார் வழு என்றே வழங்குதலின், அவன் வினாவிலே பொருள் இருந்தது. அன்று மாலை உடுவிலில் எமது வீட்டு விறாந்தையிலிருந்து அவன் காட்டியனவும், பின்னர் யாமே தேடி அறிந்தனவுமாகிய சிலவற்றை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இலக்கணம் மறந்தாரும் அஞ்சாது படிக்கலாம்.

விதியினின்றும் தவறியது வழு. வழுவேயாயினும் ஒரு காரணம் பற்றி ஆன்றோர் ஏற்றுக்கொண்டது வழுவமைதி. வீட்டுக் கன்றினை ‘என் செல்வன் வந்தான்’ என்பது திணை வழுவே. ஆயினும் அன்பு காரணமாக அஃது அமையும். விளையாட்டுக்களிலும் இவ்விரண்டும் உள.

1978 ஆம் ஆண்டிலே யப்பானியராகிய தொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை ஆக்கினார். அதிலே வானிலிருந்து இறங்கும் பகைவரைச் சுட்டு வீழ்த்துந்தோறும் எஞ்சியோர் விரைந்து வருவர். இவ்விரைவு முன்னரே கருதிச் செய்யப்பட்டதன்று. திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைய, பொறியின் சுமை குறைந்தது; சுமை குறைய, எஞ்சியவை விரைந்தன. ஆக்கியோர் அதனைத் திருத்தாது விட்டார். ஆட்டத்தின் சுவையே அதுவாயிற்று. இது வழுவமைதி. 1980 இல் வந்த ‘பக்மன்’ விளையாட்டிலோ, கட்டத்தை எண்ணுதற்கு ஒரு பைற்று மாத்திரம் ஒதுக்கப்பட்டது. ஒரு பைற்று 0 முதல் 255 வரையே கொள்ளும். ஆதலின் 256 ஆம் கட்டத்தை அடைந்தார்க்குத் திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணும் கலந்த குப்பையாகக் காட்சியளித்தது. அதற்கு அமைதி கூறுவார் ஒருவருமிலர்.

1985 இல் வெளிவந்த ‘சுப்பர் மரியோ’வில் ஒரு மறை உலகம் உண்டெனச் சிறுவர் பேசிக்கொண்டனர். முதலாம் உலகின் இரண்டாங் கட்டம் முடியுமிடத்திலே சுவரை ஊடுருவிச் செல்லும் ஒரு தந்திரத்தால் ஒரு குழாயினுட் புகுந்தால், ‘உலகம் -1’ என்று திரை காட்டும். முடிவில்லாத நீர்நிலை ஒன்று தோன்றும். உண்மையில் அது 36 ஆம் உலகின் முதற்கட்டம். அவ்விளையாட்டின் உருவ வரிசையில் 36 ஆம் இடம் வெற்றிடம்; ஆதலின் எண் மறைந்து, அதனை அடுத்துள்ள சிறு கோடும் ஒன்றும் மாத்திரம் எஞ்சின. அதனைப் பார்த்தோர் ‘மைனஸ்’ என்று படித்தனர். ஏடெழுதுவோன் கைப்பிழையாற் புதுப்பாடம் ஒன்று பிறந்த கதை போன்றதே இது.

நிற்க. யாம் விரிவாகக் கூற விரும்புவது ‘போக்கிமான்’ என்னும் விளையாட்டு வரிசை பற்றியது. கற்பனை நாடொன்றிலே திரிந்து, காட்டுயிரிகளைப் பிடித்துப் பழக்கிப் பொருதவிடுதலே அதன் ஆட்டம். அதன் முதல் விளையாட்டு 1996 பெப்ரவரி 27 ஆம் நாள் யப்பானில் வெளிவந்தது. அப்பொழுது வலிகாமத்து மக்களாகிய யாம் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தோம்; உலகில் இத்தகைய ஒன்று உண்டென்பதும் அறியோம்.

1998 இல் வந்த அதன் ஆங்கிலப் பதிப்பிலே வைரிடியன் என்னும் நகரில் ஒரு கிழவர் உளர். உயிரி பிடிக்கும் முறையை அவர் செய்துகாட்டும்போது, ஆடுவோன் பெயர் இருந்த இடத்திற் கிழவர் பெயர் ஏறும். ஆடுவோன் பெயரை அதுவரை வேறெங்கேனும் வைத்தல் வேண்டும். நினைவகத்தில் இடநெருக்கடி. ஆதலின் காட்டுயிரிகளின் பட்டியல் இருக்குமிடத்தில் அதனை வைத்தனர். அந்நகரிற் புல்வெளி இன்மையாற் பட்டியல் வேண்டுவதில்லை. வேறு புல்வெளியை அடைந்தாற் புதிய பட்டியல் அதன்மேல் எழுதப்பட்டுவிடும். கணக்கு நன்றே. ஆயின், சினபார் என்னும் தீவின் கீழ்க்கரை நீரோரத்திலும் புல்வெளியிற்போல உயிரிகள் தோன்றுமாறு பிழையாக அமைந்துவிட்டது. அத்தீவுக்கோ புல்வெளிப் பட்டியல் இல்லை. கிழவரிடமிருந்து நேரே பறந்து அங்குச் செல்வானுக்கு, ஒதுக்கிவைத்த அவன் பெயரே பட்டியலாக வாசிக்கப்படும். பெயரின் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் எழுத்துக்கள் உயிரிகளாக எழுந்துவரும். எழுத்தை உயிரென்றும் மெய்யென்றும் வகுத்த நம் முன்னோரும், எழுத்து உயிர்பெற்றுத் தாக்க வருமென எண்ணியிரார்.

அவ்வாறு தோன்றுவனவற்றுள் ஒன்றே ‘மிஸ்ஸிங்நோ’. ‘எண் இல்லை’ என்பது அப்பெயரின் பொருள். உயிரிகளுக்கென அமைத்த இடங்கள் 190, நிரம்பியவை 151. எஞ்சிய 39 இடங்களிலும் இப்பெயரே எழுதப்பட்டுளது. அதனை எதிர்ப்பட்டாற் பையிலுள்ள ஆறாவது பொருள் 128 ஆற் பெருகும். வென்றோர் பதிவேடு சிதையும். சிறுவர் முன்னதை விரும்பிப் பின்னதைப் பொறுத்தனர்.

அவ்விடங்களின் வரிசையும் ஆராயத்தக்கது. ஆடுவோர் காணும் பட்டியலில் முதலாவதாகிய ‘பல்பசோர்’ உள்வரிசையில் 153 ஆவது. அங்கு முதலாவது, பட்டியலில் 112 ஆவதாகிய ‘றைடன்’. உள்வரிசை, ஆக்கிய முறையைக் காட்டுவது என்பர். தொகுத்தோர் வைத்த முறையும் பாடினோர் காலமுறையும் வேறாதலைத் தொகைநூல் கற்றார் அறிவர்.

பயன்படுத்தாது விட்டனவும் உள. ஓக் என்னும் பேராசிரியர் அவ்விளையாட்டில் அறிவுரை கூறுவாரேயன்றிப் பொருதலில்லை. ஆயினும் அவருக்கென 66 முதல் 70 வரை நிலையுடைய உயிரிகளின் படையொன்று செய்நிரலுட் கிடக்கின்றது. இறுதிப் பகைவனின் உச்சநிலை 65 ஆதலின், அவனை வென்றபின் ஆசிரியரையே எதிர்க்க வைக்கும் எண்ணம் இருந்ததாக யாம் ஊகிக்கின்றோம். ஆசிரியர் என்ற முறையில், அது கைவிடப்பட்டமை எமக்கு மகிழ்ச்சியே. 1999 இல் வந்த அடுத்த விளையாட்டின் முன்மாதிரி 1997 இற் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2018 இல் அம்மாதிரியின் படி வெளிப்பட்டபோது, பின்னர் நீக்கப்பட்ட உயிரிகள் பல அதிற் காணப்பட்டன. தொடக்கத்தில் ஆடுவோனுக்குக் கொடுக்கவிருந்த நெருப்புக் கரடிக்குட்டியும் அவற்றுள் ஒன்று.

2004 இல் முதல் விளையாட்டைப் புதுக்கியபோது மிஸ்ஸிங்நோ மறைந்தது. 2016 இற் பழையதனையே மீள வெளியிட்டபோது, வழுவும் மாறாது உடன் வந்தது. இவ்விரண்டனுட் பின்னதே பதிப்பு. முன்னது வேறு நூல். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைத்தில. 1894 இல் அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், 269 ஆம் பாடலை 267 என்று எண்ணி இடைவெளியை மூடினாரல்லர். எமக்கு அயலாகிய சிறுப்பிட்டியிற் பிறந்து, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகள் தொட்டாற் சிதைதல் கண்டு வருந்தி எழுதியவர். ஏட்டில் உள்ளது இன்னது, இல்லது இன்னது எனக் காட்டுதல் அவர்களாற் பழகிய நெறி.

இம்மலருக்கென மாணவர் சேர்வுப் பதிவேட்டைப் படியெடுத்தபோது, இடப்பெயர்வுக் காலமாகிய 1995, 1996 ஆம் ஆண்டுகளின் தாள்கள் சில இல்லாமை தெரிந்தது. நினைவிலிருந்து பெயர்களை நிரப்பலாம் என்றார் மலர்க்குழுவினர் ஒருவர். இலக்கங்களை நெருக்கி எழுதினால் எவர்க்குத் தெரியும் என்றார் மற்றொருவர். யாம் அந்த 39 வெற்றிடங்களின் கதையைச் சொன்னோம். சிரித்தனர்; பின் இசைந்தனர். பட்டியலில் அவ்விலக்கங்கள் பெயரின்றியே அச்சாகியுள்ளன. அவ்வாண்டுகளிற் சேர்ந்தோர் தம் சேர்விலக்கத்தை அறிவாராயின், மலர்க்குழுவுக்கு எழுதியனுப்பும்படி வேண்டுகின்றோம்.