தேவை எது, ஆசை எது?

ஈப்போவில் வேலை செய்யும் ஓர் இளைஞர் பல மாதங்கள் பணம் சேர்த்து, பயன்படுத்தப்பட்ட 250 சிசி சாகச மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குகிறார். சாலைப் போக்குவரத்துத் துறையில் உரிமை மாற்றமும் முடிந்துவிட்டது. கையில் மீதம் இருப்பது 2,000 ரிங்கிட். கிரிக் வழியாகக் கோத்தா பாருவுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. செய்தி அறிந்த நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை கூறுகின்றனர். அலுமினியப் பெட்டிகளை வாங்கும்படி ஒருவர் சொல்கிறார். கூடுதல் விளக்குகள் வேண்டும் என்கிறார் இன்னொருவர். புகைபோக்கியை மாற்றினால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்கிறார் மற்றொருவர்.

எல்லாவற்றையும் வாங்க அவரிடம் பணம் இல்லை. எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது, எதை வாங்காமலே விட்டுவிடுவது? இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியும் ஆகும். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

உயரமான வண்டி

சாகச மோட்டார் சைக்கிள் என்பது தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் நெடுந்தூரம் செல்வதற்காக வடிவமைக்கப்பட்ட வண்டியாகும். 1978ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாரிஸ் நகரில் தொடங்கி, சகாரா பாலைவனத்தைக் கடந்து டக்காரில் முடிந்த நெடும்பந்தயம் இவ்வகை வண்டிகளின் மீது உலகின் பார்வையைத் திருப்பியது. 1980ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட ஆர்80 ஜி/எஸ் என்ற வண்டி, இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இவ்வண்டிகளின் அடிப்பாகம் தரையிலிருந்து சற்று உயர்ந்திருக்கும். மேடுபள்ளங்களைத் தாங்கும் அதிர்வுத்தாங்கிகளும் பெரிய எண்ணெய்த் தொட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுபவர் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால், இந்த உயரத்தால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்ந்துவிடுகிறது. ஆகவே, உயரத்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு கிலோகிராம் எடையும் வண்டியைச் சமாளிப்பதைக் கடினமாக்கும். துணைக்கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக்கூடாது.

முதலில் வண்டி, பிறகு அலங்காரம்

பயன்படுத்தப்பட்ட வண்டிக்கு முதல் செலவு பழுதுபார்ப்புச் செலவே. டயர், பிரேக், சங்கிலி ஆகிய மூன்றும் நல்ல நிலையில் இல்லையென்றால் வேறு எதை வாங்கியும் பயனில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். டயரின் பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், ஆண்டுகள் பல கடந்துவிட்டால் ரப்பர் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றிக்கொள்ளாது. மாலை நேரத்தில் திடீரென மழை கொட்டும் நம் நாட்டில் இது பெரும் ஆபத்தாகும்.

புதிய டயர் வாங்கும்போதும் கவனம் தேவை. கட்டை கட்டையான பற்களைக் கொண்ட டயர் சேற்றுப் பாதைக்கு ஏற்றது; பார்ப்பதற்கும் மிடுக்காக இருக்கும். ஆனால், நனைந்த தார்ச்சாலையில் அதன் பிடிமானம் குறைவு. விரைவாகத் தேய்ந்தும் போகும். நாள்தோறும் வேலைக்கும், விடுமுறையில் கோத்தா பாருவுக்கும் செல்பவருக்குச் சாலை டயரே பொருத்தமானது.

முந்தைய உரிமையாளர் பொருத்திய கருவிகளையும் பரிசோதிக்க வேண்டும். காப்புக் கம்பி வளைந்திருந்தால் வண்டி எப்போதோ விழுந்திருக்கிறது என்று அறியலாம். விளக்குக்காக இழுக்கப்பட்ட மின்கம்பிகள் வெறும் ஒட்டுநாடாவால் சுற்றப்பட்டிருந்தால் அவற்றைப் பட்டறையில் சரிசெய்வது நல்லது. மழைநீர் புகுந்தால் அந்த இணைப்புகளே நடுவழியில் வண்டியை நிறுத்திவிடும்.

ஓட்டுபவருக்கான கருவிகள்

துணைக்கருவி என்றதும் வண்டியில் பொருத்துவதை மட்டுமே பலர் நினைக்கின்றனர். உண்மையில், ஓட்டுபவர் அணிவதே மிக முக்கியமான கருவியாகும். மலேசியாவில் 1973ஆம் ஆண்டு முதல் தலைக்கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிரிம் முத்திரை பெற்ற, தலைக்குச் சரியாகப் பொருந்தும், முகத்தையும் மூடும் தலைக்கவசம் நெடும்பயணத்திற்குச் சிறந்தது. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. அதன் உட்பகுதியிலுள்ள நுரைப்பொருள் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. நசுங்கிய நுரை மறுமுறை காப்பாற்றாது.

வெயிலுக்கும் காற்றுக்கும் அஞ்சிச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டுவோரை நம் சாலைகளில் நிறையப் பார்க்கலாம். அது வெயிலைத் தடுக்குமேயொழிய விழும்போது உடலைக் காக்காது. தோள், முழங்கை ஆகிய இடங்களில் காப்புப் பட்டைகள் உள்ள, காற்றோட்டமான வலைத்துணி மேலங்கி நம் தட்பவெப்பத்திற்கு ஏற்றது. விழும்போது மனிதன் இயல்பாகவே கைகளை ஊன்றுகிறான். எனவே, கையுறையும் அவசியம். கணுக்காலை மூடும் காலணியும், பளிச்சிடும் நிறத்தில் மழையாடையும் இருந்தால் பயணம் பாதுகாப்பாக அமையும். 1992ஆம் ஆண்டு முதல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. மற்றவர் கண்ணில் படுவதே பாதிப் பாதுகாப்பு என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

காப்புக் கம்பியும் கைக்காப்பும்

உயரமான வண்டிகள் ஓடும்போது விழுவதைவிட, நிற்கும்போது சாய்ந்து விழுவதே அதிகம். சரிவான இடத்தில் காலை ஊன்றும்போது தரை எட்டாமல் போனால் வண்டி சாய்ந்துவிடும். அப்போது இயந்திரத்தின் பக்கவாட்டையும் எண்ணெய்த் தொட்டியையும் காப்புக் கம்பி தாங்கிக்கொள்ளும். கைப்பிடியோடு பொருத்தப்படும் கைக்காப்பு, பிரேக் நெம்புகோல் உடையாமல் காக்கும். நெம்புகோல் உடைந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும் என்பதால், இச்சிறு கருவிக்குச் செலவிடுவது வீணாகாது. இயந்திரத்தின் அடியில் பொருத்தப்படும் காப்புத் தகடு கற்கள் நிறைந்த பாதையில் செல்வோருக்குத் தேவை. தார்ச்சாலையை விட்டு இறங்காதவர் அதைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியா, பையா?

பெட்டி வாங்குவதற்கு முன் சிறு கணக்கு ஒன்று போட வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, அந்த அளவு 355 கிலோகிராம் என்றும், எண்ணெயுடன் வண்டியின் எடை 175 கிலோகிராம் என்றும் கொண்டால், ஏற்றத்தக்க எடை 180 கிலோகிராம். ஓட்டுபவர் 70 கிலோகிராம், பின்னால் அமர்பவர் 60 கிலோகிராம் என்றால் மீதம் 50. காப்புக் கம்பிக்கு 5, பின்பெட்டிக்கும் தாங்கிக்கும் 7, பக்கவாட்டு அலுமினியப் பெட்டிகளுக்கும் சட்டத்திற்கும் 15 என்று கழித்தால் எஞ்சுவது 23 கிலோகிராம் மட்டுமே. ஒரு துணியைக்கூட எடுத்து வைப்பதற்கு முன்பே பாதிக்கும் மேற்பட்ட இடம் போய்விடுகிறது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின்பெட்டி பின்சக்கரத்திற்கும் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அதில் அதிகப் பாரம் ஏற்றினால் முன்சக்கரத்தின் மீதுள்ள அழுத்தம் குறையும். வேகமாகச் செல்லும்போது கைப்பிடி ஆடத் தொடங்கும். கனமான பொருள்களைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் வைப்பதே சரியான முறை. பக்கவாட்டுப் பெட்டிகள் வண்டியின் அகலத்தையும் கூட்டிவிடுகின்றன. குறுகலான மோட்டார் சைக்கிள் தடத்தில் நாள்தோறும் செல்பவருக்கு இது தொல்லையாகும். மேலும், வண்டி சாயும்போது கடினமான பெட்டிக்கு அடியில் கால் சிக்கினால் எலும்பு முறியவும் கூடும்.

நீர்புகாத துணிப்பை எடை குறைவானது, தேவையில்லாதபோது கழற்றி வைத்துவிடலாம், விலையும் குறைவு. பூட்டிவிட்டுச் செல்ல முடியாது என்பதே அதன் குறை. நவம்பர் முதல் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். அக்காலத்தில் பயணம் செல்வோர், பை நீர்புகாததா என்பதை வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது நலம்.

விளக்கும் மின்சாரமும்

கிரிக் நகரையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை அடர்ந்த காட்டின் ஊடே செல்கிறது. அதிகாலையில் பனிமூட்டம் சூழ்ந்திருக்கும். யானைகள் சாலையைக் கடப்பதும் உண்டு. இத்தகைய சாலைக்குத் துணை விளக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால், 20 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 3 ஆம்பியருக்கும் அதிகமான மின்சாரத்தை இழுக்கும். கைப்பேசி மின்னூட்டியும் வேறு கருவிகளும் சேரும்போது சிறிய வண்டியின் மின்னாக்கி திணறும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்குகளைப் பொருத்துவது சட்டத்திற்கும் புறம்பானது. காட்டுச்சாலையை இருட்டுவதற்குள் கடந்துவிடத் திட்டமிட்டால், விளக்கே வாங்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கலனும் அப்படித்தான். 17 லிட்டர் தொட்டி உள்ள வண்டி, லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடினால், ஒருமுறை நிரப்பி 425 கிலோமீட்டர் செல்லலாம். கிரிக்கில் தொட்டியை நிரப்பிக்கொண்டால் கூடுதல் கலன் தேவைப்படாது.

ஒரு மாதக் காத்திருப்பு

பழுதுபார்ப்பும் பாதுகாப்பு உடையும் முடிந்த பிறகு, ஒரு மாதம் எதையும் வாங்காமல் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. காற்று முகத்தில் அடிக்கிறதா, இருக்கை வலிக்கிறதா, கால் தரையை எட்டுகிறதா என்பவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அந்தக் குறிப்பேடே தேவை எது, ஆசை எது என்று காட்டிவிடும்.

ஈப்போ இளைஞரும் அவ்வாறே செய்தார். 2,000 ரிங்கிட்டில் முதலில் இரண்டு டயர்களையும் பிரேக் பட்டைகளையும் மாற்றினார். அடுத்து மேலங்கி, கையுறை, மழையாடை ஆகியவற்றை வாங்கினார். எஞ்சிய பணத்தில் கைக்காப்பும் ஒரு நீர்புகாத பையும் கிடைத்தன. அலுமினியப் பெட்டிகள் இன்னும் கடையில்தான் இருக்கின்றன. அவருடைய வண்டி நண்பர்களின் வண்டிகளைப் போல் மிடுக்காக இல்லை. ஆயினும், கிரிக்கைத் தாண்டி முதல் மழை பிடித்துக்கொண்டபோது, ஈரச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் புதிய டயர்கள் அவரை வழுக்காமல் கொண்டு சென்றன. கருவிகள் பயணத்திற்காகவே, பயணம் கருவிகளுக்காக அன்று.